கணவர் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்: இத்தாலியிலிருந்து வந்த கொள்ளுப்பாட்டியின் வேரைத் தேடுவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் கணவரின் கொள்ளுப்பாட்டி ஜென்னி, 1909 வாக்கில் இரண்டு சிறு பிள்ளைகளோடு நியூயார்க்கில் வந்து இறங்கியவர். அவர் கணவர் முன்பே வந்து புரூக்ளினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் ‘நேப்பிள்ஸ்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். நியூயார்க்கில் வந்திறங்கிய குடியேறிகளைப் பரிசோதித்த எல்லிஸ் தீவின் பதிவுகளில் ஜென்னியின் கணவரது குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினீர்கள், ஆள் இல்லை. அங்கிருந்த அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் கிடைக்கவில்லை என்கிறார் உங்கள் மாமியார். எந்தக் கப்பலில் வந்தார் என்பதைக் கண்டுபிடிக்கக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது கப்பல் அல்ல. அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் பிறந்த ஊரின் சரியான பெயரும்தான் வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் கப்பல் தானாக வரும். கிடைக்காமல் இத்தாலியப் பதிவேடுகளைத் திறந்தால் வருடக்கணக்கில் பக்கம் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தாலியில் பெண்ணுக்குத் திருமணமானாலும் அரசுப் பதிவில் குடும்பப் பெயர் மாறாது. பிறப்பு, திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, இறப்பு என்று எல்லாப் பதிவிலும் அப்பா வீட்டுப் பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டும் அதே பெயரில்தான். கப்பல் பயணிகள் பட்டியலை அந்தக் காகிதங்களை வைத்து எழுதினார்கள், எனவே கணவரிடம் போய்ச்சேர வந்த மனைவியின் பெயர் பட்டியலில் பிறந்த வீட்டுப் பெயரோடு இருப்பதே வழக்கம். அவருக்கு அடுத்த வரிகளில் பிள்ளைகளின் பெயர்கள் அப்பாவின் குடும்பப் பெயரோடு இருக்கும். ஆகவே அம்மாவை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடுங்கள். மூத்த பிள்ளையின் பெயரும் வயதும் தெரிந்தாலே போதும், அதற்கு மேல் வரியில் ஜென்னி உட்கார்ந்திருப்பார்.

மாமியார் சொல்லும் பெயர்மாற்றக் கதை ஏறக்குறைய எல்லா இத்தாலிய அமெரிக்கக் குடும்பத்திலும் உண்டு. அது நடந்திருக்க வாய்ப்பில்லை. பட்டியலை எல்லிஸ் தீவில் எழுதவில்லை. நேப்பிள்ஸ், ஜெனோவா, பலேர்மோ போன்ற துறைமுகங்களில் கப்பல் கம்பெனியின் ஆட்கள் எழுதினார்கள். எல்லிஸ் தீவின் பரிசோதகர் கையிலிருந்த பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார், அவ்வளவுதான். மொழி தெரிந்தவர்களும் அங்கே வேலையில் இருந்தார்கள். பெயர்கள் மாறியது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு: பள்ளியில், வேலையிடத்தில், குடியுரிமை வாங்கும்போது, பெரும்பாலும் குடும்பத்தார் விருப்பத்தோடே.

‘ஜென்னி’யும் அப்படி வந்த பெயர்தான். இத்தாலியில் அவர் வின்சென்ஸாவாகவோ ஜொவான்னாவாகவோ இருந்திருக்கலாம், வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். கொன்செத்தா கானி ஆவார், ஃபிலொமேனா ஃபேனியாகவோ மின்னியாகவோ ஆவார், அசுந்தா சூஸி ஆவார், மிக்கெலீனா லீனா ஆவார். இதற்குக் கறாரான விதி கிடையாது. அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் கொஞ்சம் உதவும். தென் இத்தாலியில் முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைப்பது வழக்கம். ஜென்னியின் இரண்டாவது மகன் பெயரிலிருந்து ஜென்னியின் அப்பா பெயரை ஊகிக்கலாம். இது ஊகம்தான். இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள், அதில் கணக்கு குழம்பும். 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு தாயையும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்டார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் விடுபட்ட குழந்தை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த வீட்டுப் பெயருக்கு அமெரிக்கக் காகிதங்களே போதும். ஜென்னிக்கு இத்தாலியிலேயே திருமணமாகிவிட்டதால் அவருடைய திருமணச் சான்று நியூயார்க்கில் இருக்காது. ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பிள்ளைகளின் திருமணச் சான்றிலும் இருக்கும். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் இவற்றின் படங்களை 2022 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது: பிறப்பு 1909 வரை, இறப்பு 1948 வரை, திருமணம் 1949 வரை. அவருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தது 1909க்குப் பிறகு என்பதால் உங்களுக்கு முதல் கதவு பிள்ளைகளின் திருமணங்கள். ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளின் சான்றையும் எடுங்கள். ஒன்றில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், இன்னொன்றில் எழுத்து மங்கியிருக்கும். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் சரியான பெயர் தெரிந்துவிடும்.

இறப்புச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். அதில் பெற்றோர் பெயரைச் சொன்னது ஜென்னி அல்ல, துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ. தான் பார்த்தேயிராத தாத்தா பாட்டியின் பெயரை அவர்கள் எப்படிச் சரியாகச் சொல்வார்கள்? அதில் தகவல் தந்தவர் பெயர் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யுங்கள். வயதும் அப்படித்தான், இரண்டு மூன்று வருடம் முன்பின் இருப்பது சாதாரணம்.

தேவாலயப் பதிவேடு பலரும் மறக்கும் இடம். கத்தோலிக்கத் திருச்சபையில் 1908 ஈஸ்டரிலிருந்து ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. திருமணம் நடத்தி வைக்கும் பங்கு (ஒரு வட்டாரத்துக்கான கோவில்), மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் ஜென்னியோடு வந்த இரண்டு பிள்ளைகள் புரூக்ளினில் எந்தக் கோவிலில் திருமணம் செய்தார்களோ, அந்தப் பதிவேட்டில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற இத்தாலியப் பங்கின் பெயரும் மறைமாவட்டமும் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நகராட்சிச் சான்றில் ‘இத்தாலி’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் இடத்தில் பாதிரியார் ஊர்ப் பெயரை எழுதியிருப்பார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் (குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உறவினராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார்கள். ஜென்னியின் ஊர் தெரியாவிட்டாலும் ஞானத்தாயின் ஊர் தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது குடியுரிமைப் பதிவுகள். பெண்கள் விஷயத்தில் இதற்கு ஒரு தேதி முக்கியம்: 1922 செப்டம்பர் 22. அதற்கு முன் கணவர் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் தானாகக் கிடைத்துவிடும், அவர் பெயரில் தனிக் காகிதம் எதுவும் உண்டாகாது. அதற்குப் பின் மனைவி தானே மனுப் போட வேண்டும். கணவர் ஏற்கெனவே குடிமகனாக இருந்தால், முதற்கட்ட விருப்ப அறிவிப்பு இல்லாமல் நேராக மனு மட்டும் போடலாம். ஆகவே விருப்ப அறிவிப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கணவரின் மனுவையும் எடுங்கள். 1906 செப்டம்பர் 27க்குப் பிந்தைய மனு என்றால் மனைவியின் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்த தேதியும் இடமும் அதில் இருக்க வேண்டும். குடியுரிமை வாங்கினாரா என்பதை 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் பார்க்கலாம். என்-ஏ என்றால் வாங்கிவிட்டார், பி-ஏ என்றால் முதற்கட்டக் காகிதம் போட்டிருக்கிறார், ஏ-எல் என்றால் இன்னும் அந்நியர்.

1940இலும் ஏ-எல் என்று இருந்தால் வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு அது அதிர்ஷ்டம். அந்த ஆண்டு அந்நியர் பதிவுச் சட்டம் வந்தது. 14 வயதுக்கு மேற்பட்ட, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தபால் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஏ-ஆர்-2 என்ற இரண்டு பக்கப் படிவம் அது. வேறு எந்தப் பெயர்களில் அறியப்பட்டவர், பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, என்று கேட்டார்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்பதெல்லாம் உண்டு, கையெழுத்தும் விரல் ரேகையும் உண்டு. வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத, சொத்து வாங்காத, வழக்குப் போடாத ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே சொன்னது அரசிடம் பதிவாகியிருப்பது பல நேரம் இந்த ஒரு காகிதத்தில்தான். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் வம்சாவளிப் பிரிவுக்கு விண்ணப்பித்துப் பெறலாம். கட்டணம் உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்த பிறகு கப்பல் பட்டியலுக்கு வாருங்கள். ஸ்டீவ் மோர்ஸின் ஒன்-ஸ்டெப் என்ற இணையத் தேடுபக்கத்தில் முதல் பெயர், வயது, வந்த ஆண்டு, ஊரின் முதல் சில எழுத்துகள் என்று பகுதி பகுதியாகத் தேடலாம். குடும்பப் பெயரைக் காலியாக விட்டும் தேடலாம். 1907 நிதியாண்டில் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் வந்தார்கள், அதனால் சலித்துத்தான் எடுக்க வேண்டும். கையெழுத்தைப் படித்து அட்டவணை போட்டவர்கள் ‘எல்’ எழுத்தையும் ‘எஸ்’ எழுத்தையும் குழப்பியிருப்பார்கள், டீயையும் எஃப்பையும் குழப்பியிருப்பார்கள். கிடைக்காவிட்டால் பாஸ்டன், பிலடெல்பியா துறைமுகங்களையும் பாருங்கள். சிசிலிக்காரர்கள் என்றால் நியூ ஆர்லியன்ஸும்.

1909 பட்டியல் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் ஓடும். கணினி பெரும்பாலும் இடது பக்கத்தை மட்டும் காட்டும், அடுத்த படத்துக்குப் போய் வலது பக்கத்தையும் எடுங்கள். இடப்பக்கத்தில், புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும். ஜென்னி கணவரிடம் வந்தவர், ஆகவே அங்கே அவருடைய அப்பா அல்லது அம்மா பெயர் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வலப்பக்கத்தில் யாரிடம் போகிறார், அவருடைய புரூக்ளின் முகவரி, கையில் எவ்வளவு பணம், உயரம், கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊர். இந்த ஊர்தான் உங்களுக்கு வேண்டிய ஊர். பெயருக்கு இடப்பக்கம் எக்ஸ் குறி இருந்தால் அவர் எல்லிஸ் தீவில் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டார் என்று பொருள். பெண்ணையும் குழந்தைகளையும் அழைத்துப்போக ஆள் வராமல் வெளியே விடமாட்டார்கள், அதனால் இது மிகச் சாதாரணம். அந்தக் கப்பலின் பட்டியல் கடைசியில் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் தனிப் பட்டியல் இருக்கும். அழைத்துப்போக வந்தவர் யார், முகவரி என்ன, எத்தனை வேளைச் சாப்பாடு கொடுத்தார்கள் என்பது வரை எழுதியிருப்பார்கள். பெயரின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் அந்தக் கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பலில் வந்திருப்பார். இன்னொரு பட்டியலையும் தேடுங்கள்.

‘நேப்பிள்ஸ்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது நகரமாக இருக்கலாம், மாகாணமாக இருக்கலாம், வெறுமனே கப்பல் ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம். அவெல்லீனோ, சலேர்னோ, பெனெவென்தோ, பொதென்சா மாகாணத்துக்காரர்கள் எல்லோரும் நேப்பிள்ஸில்தான் கப்பல் ஏறினார்கள். இத்தாலியில் பதிவுகள் கொமூனே என்ற நகராட்சி அளவில்தான் இருக்கும், மாகாணம் தெரிவது போதாது. ஊர்ப் பெயரிலும் ஆபத்து உண்டு. அக்காலத்து தெர்ரா தி லவோரோ மாகாணம் 1927இல் கலைக்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பக்கத்து மாகாணங்களோடு சேர்க்கப்பட்டது. அதிலிருந்த ஊர்களில் நோலா இன்று நேப்பிள்ஸ் பக்கம், கஸ்ஸீனோ இன்று வேறு பிரதேசமே, லாசியோ. அந்த வட்டாரம் என்றால் காசெர்த்தா அரசு ஆவணக் காப்பகத்தின் கீழும் தேட வேண்டும். சிசிலியில் ஜிர்ஜென்தி என்று பழைய காகிதத்தில் இருந்தால் அது இன்றைய அக்ரிஜென்தோ, தெர்ரனோவா தி சிசிலியா என்றால் ஜேலா. இரண்டும் 1927இல் பெயர் மாறியவை.

இத்தாலியப் பதிவுகளுக்கு முதல் இடம் அரசு ஆவணக் காப்பகங்களின் அந்தெனாத்தி தளம். இலவசம். இதில் பெயரைப் போட்டுத் தேடும் வசதி சில இடங்களுக்கே உண்டு. பெரும்பாலும் மாகாணம், ஊர், ஆண்டு, பதிவேட்டின் வகை என்று தேர்ந்தெடுத்துப் படம் படமாகப் புரட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் கடைசியிலும் ஓர் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், முதலில் அதைத் திறங்கள். சில ஊர்களில் அது குடும்பப் பெயர் வரிசையில் இல்லாமல் முதல் பெயர் வரிசையில் இருக்கும், பொறுமையாகப் பாருங்கள். தென் இத்தாலியை அப்போது ஆண்ட நேப்பிள்ஸ் ராச்சியத்தின் நிலப்பகுதியில் அரசுப் பதிவு 1809இலும், சிசிலியில் 1820இலும் தொடங்கியது. வடக்கில் நெப்போலியன் காலத்தில் தொடங்கியது அவர் போனதும் பெரும்பாலும் நின்று, 1866இல்தான் மீண்டும் வந்தது. வெனெத்தோ வட்டாரத்தில் 1871. ஜென்னி தெற்கத்தியவர் என்பது இந்த வகையில் பெரிய சௌகரியம்.

எந்தப் பதிவை முதலில் தேடுவது? ஜென்னியின் பிறப்பை அல்ல. அவரோடு வந்த பிள்ளைகளின் பிறப்பைத் தேடுங்கள், அவர்கள் வயதுதான் உங்களுக்கு உறுதியாகத் தெரியும். அதில் தாயின் முழுப்பெயர் இருக்கும். பிறகு மூத்த பிள்ளைக்கு ஓரிரு ஆண்டு முன்னால் போய்த் திருமணப் பதிவு. திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில்தான் நடக்கும், ஆனால் திருமண அறிவிப்பு இரண்டு ஊரிலும் ஒட்டப்படும். கணவரின் ஊர் மட்டும் தெரிந்திருந்தால் அந்த ஊரின் அறிவிப்புப் பதிவேட்டில் பெண்ணின் ஊர் கிடைத்துவிடும். அப்பா பெயருக்கு முன் ‘தி’ என்று இருந்தால் அப்பா அன்று உயிரோடு இருந்தார், ‘ஃபூ’ என்று இருந்தால் இறந்துவிட்டார். இந்த ஒரு குறிப்பால் இறப்புப் பதிவை எந்த ஆண்டுக்குள் தேட வேண்டும் என்பது சுருங்கும். ஜென்னியின் பிறப்புப் பதிவு கிடைத்ததும் ஓரத்தைப் பாருங்கள். பிற்காலப் பதிவுகளில் திருமணத் தேதியையும் கணவர் பெயரையும் ஓரத்தில் குறித்திருப்பார்கள். அதுதான் நீங்கள் பிடித்தது சரியான ஆள் என்பதற்கு உறுதி. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருப்பது அங்கே அதிசயமே இல்லை.

ஜென்னியின் பாட்டி தாத்தா காலத்துக்குப் போகும்போது வேலை இன்னும் சுவையாகும். 1866க்கு முந்தைய தென்னகத் திருமணங்களுக்கு இணைப்புக் காகிதக் கட்டு ஒன்று உண்டு, ‘ப்ரொசெஸ்ஸெத்தி’ என்பார்கள். மணமக்கள் இருவரின் பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றும், அப்பா இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றும், அவர் இடத்தில் சம்மதம் தர வேண்டிய தாத்தாவும் இறந்திருந்தால் அந்தத் தாத்தாவின் இறப்புச் சான்றும் அதில் தைக்கப்பட்டிருக்கும். 1820இல் நடந்த ஒரு திருமணத்தின் கட்டிலிருந்து 1700களின் நடுவில் பிறந்தவர் வரை ஒரே மூச்சில் போய்விடலாம். 1866க்குப் பிந்தைய கட்டுகள் பலவும் இணையத்தில் இல்லை.

எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1866இலிருந்து 1929 வரை சட்டம் ஏற்றது நகராட்சித் திருமணத்தை மட்டுமே. கோவிலில் மட்டும் திருமணம் செய்த தம்பதியர் ஏராளம், சட்டத்தின் கண்ணில் அவர்கள் மணமாகாதவர்கள். அவர்களுடைய பிள்ளையின் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இருக்கும். அம்மா இடத்தில் ‘பெயர் வெளியிட விரும்பாத, மணமாகாத பெண்’ என்று மட்டும் இருக்கும். இதைப் பார்த்து ஏதோ ரகசியம் என்று குடும்பத்தில் கிளப்பிவிடாதீர்கள். கோவில் பதிவேட்டில் அதே பெண் முறையான மனைவியாக இருப்பார், சில ஆண்டு கழித்து நகராட்சியிலும் திருமணத்தைப் பதிவு செய்திருப்பார்கள். உண்மையிலேயே கதவு சாத்தப்படுவது கைவிடப்பட்ட குழந்தை விஷயத்தில்தான். நேப்பிள்ஸின் அனுன்சியாத்தா இல்லத்தில் குழந்தையை விட்டுவிட்டுப் போகும் சுழல்பெட்டி 1875 வரை இருந்தது. முன்னோர் ஒருவர் அப்படிச் சேர்க்கப்பட்டவர் என்றால் அந்தக் கிளையில் காகிதம் அங்கேயே நின்றுவிடும். எஸ்போசீத்தோ என்ற குடும்பப் பெயர் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பெயர் உள்ள எல்லோரும் நேரடியாக அப்படி வந்தவர்கள் அல்லர், கைவிடப்பட்டவர் பல தலைமுறை முன்னால் இருந்திருக்கலாம். டி.என்.ஏ. சோதனை இந்த இடத்தில் கொஞ்சம் உதவும். சின்ன ஊர்களில் நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்பதால் சோதனை காட்டும் நெருக்கம் உண்மையான உறவைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஒருவேளை இத்தாலியக் குடியுரிமைக்காகத் தேடுகிறீர்கள் என்றால், 2025 மார்ச் மாத அவசரச் சட்டத்துக்குப் பிறகு பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான் பார்க்கிறார்கள். கொள்ளுப்பாட்டி வழியை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். ஏற்கெனவே விண்ணப்பம் போட்டவர்கள் நிலை வேறு, அதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தெனாத்தியில் உங்களுக்கு வேண்டிய ஆண்டு இல்லையென்றால் வம்சாவளிப் பதிவுகள் உள்ள ஃபேமிலிசர்ச் தளத்தையும் பார்த்துவிட்டு, கடைசியாக நகராட்சிக்கு எழுதுங்கள். கடிதம் இத்தாலிய மொழியில் நான்கைந்து வரி போதும்: பெயர், அப்பா பெயர், தோராயப் பிறந்த ஆண்டு, கணவர் பெயர். ‘சான்றிதழ்’ என்று மட்டும் கேட்டால் பெற்றோர் பெயர் இல்லாத ஒரு தாள் வரும், உங்களுக்கு அது உதவாது. ‘எஸ்த்ராத்தோ கொன் பதெர்னித்தா எ மதெர்னித்தா’, அதாவது தாய் தந்தை பெயரோடு கூடிய பதிவுப் பிரதி என்று கேளுங்கள், முடிந்தால் முழுப் பதிவின் நகல் கேளுங்கள். ஜென்னி புறப்பட்ட காலத்துக்குரிய ‘ஸ்தாத்தோ தி ஃபமீல்யா ஸ்தோரிகோ’ இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே தாளில் வரும் குடும்ப அட்டை அது, எல்லா ஊரிலும் அந்தக் காலத்துக்குப் பிழைத்திருக்காது. எழுதி நூறாண்டுக்கு மேலான பதிவுக்கு 300 யூரோ வரை கட்டணம் வாங்க 2025 முதல் நகராட்சிகளுக்கு அனுமதி உண்டு. எல்லா ஊரும் வாங்குவதில்லை. எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆகஸ்டில் எழுதாதீர்கள், பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். மூன்று மாதம் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மரியாதையாக மறுபடி அனுப்பலாம். சின்ன ஊர்களில் இந்த வேலையெல்லாம் ஒரே ஒரு ஊழியர் தலையில்தான்.